ஊர்ச் சங்கங்களுக்கு ஒரே மெயில் சர்வர்: அலியாஸ் தரவுத்தளத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி

மலேசியாவின் பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவு, இளைஞர் மன்றம் என்று நாலு அமைப்பு இருக்கும், நாலுக்கும் கணினி வேலை பார்க்கிறவர் ஒரே ஆளாக இருப்பார். அந்த ஆள் நீங்கள் என்றால் இது உங்களுக்குத்தான். ஆண்டுக்கூட்டம் முடிந்ததும் செயலாளர் மாறுவார், பொருளாளர் மாறுவார், சிலர் வேலைக்காக ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார்கள், ஆனால் வெளியில் இருப்பவர்கள் தங்களிடம் இருக்கிற பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருப்பார்கள். 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போயாக வேண்டும். அது சம்பந்தமான மின்னஞ்சல் ஊரை விட்டுப் போன ஒருவருடைய சொந்தப் பெட்டியில் கிடந்தால் அவதிப்படுவது சங்கம்தான்.

அதனால் முகவரி பதவியின் பெயரில் இருக்க வேண்டும். செயலாளர் என்று ஒரு முகவரி, பொருளாளர் என்று ஒன்று, அதை வருடா வருடம் யாரும் மாற்றி அச்சடிக்கத் தேவையில்லை. இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் யார் என்று சர்வருக்குச் சொல்லிவைக்கும் இடம்தான் அலியாஸ் தரவுத்தளம்.

லினக்ஸில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் நிரலை வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் சின்ன சர்வர்களில் அதிகம் இருப்பது அது, வீட்சா வெனமா 1998இல் வெளியிட்டதிலிருந்து அதன் அடிப்படைக் குணம் பெரிதாக மாறவில்லை. உங்களுடையது எக்ஸிம் என்ற வேறு மெயில் நிரல் என்றால் ஒரு விஷயம்: டெபியன் லினக்ஸில் வரும் எக்ஸிம் அலியாஸ் கோப்பை நேரடியாகவே படித்துக்கொள்ளும், கீழே சொல்லும் தரவுத்தளம் கட்டும் வேலை அதற்கு இல்லை. உதாரண வரிகளைத் தமிழில் காட்டுகிறேன், சர்வரில் அதற்கு நேரான ஆங்கில எழுத்துகளைத்தான் அடிக்க வேண்டும்.

முதலில் விளங்க வேண்டியது, இங்கே இரண்டு பொருள் இருக்கிறது. ஈடிசி அடைவில் அலியாசஸ் என்று ஒரு எழுத்துக் கோப்பு, அது நாம் படிப்பதற்கும் திருத்துவதற்கும். அதிலிருந்து கட்டப்பட்ட தரவுத்தளக் கோப்பு இன்னொன்று, அது சர்வர் தேடுவதற்கு. ஹாஷ் வகை என்றால் அதே பெயரோடு டிபி என்ற பின்னொட்டு சேர்ந்திருக்கும். தோட்டத்தில் பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில்) நின்றாலும் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் ஏறவில்லை என்றால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது, அதேபோல எழுத்துக் கோப்பில் எதை எழுதினாலும் தரவுத்தளத்தில் ஏறாதவரை அது நடக்காது. கோப்பைத் திருத்திச் சேமித்ததும் நியூஅலியாசஸ் கட்டளையை ரூட்டாக (சர்வரின் முழு அதிகாரக் கணக்கில்) ஓட்டுங்கள், அப்போதுதான் ஏறும். மறந்துவிட்டால் தரவுத்தளம் மூலக் கோப்பைவிடப் பழையது என்று மெயில் லாக்கில் ஒரு எச்சரிக்கை விழும், ஆனால் சர்வர் நிற்காது, பழைய ஆளுக்கே கடிதத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்.

கோப்பின் அமைப்பு எளிது:

செயலாளர்: மணியக்காரர்
செயற்குழு: தலைவர், செயலாளர், பொருளாளர்

இடது பக்கம் பெயர், முக்காற்புள்ளி, வலது பக்கம் போய்ச்சேர வேண்டிய இடம், பல இடம் என்றால் காற்புள்ளி. இடது பக்கத்தில் டொமைன் எழுதக் கூடாது. பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. # போட்டால் அந்த வரி குறிப்பு, அதை நிறையப் பயன்படுத்துங்கள்: எந்தக் கூட்டத்தில் மாறியது, யார் கேட்டு மாற்றியது என்று எழுதிவைத்தால் அடுத்து வருபவர் உங்களை வாழ்த்துவார். இன்னொன்று, வரியின் தொடக்கத்தில் இடைவெளி இருந்தால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளப்படும். வேறு எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டும்போது முன்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்தால், அந்தப் பெயர் தனி அலியாஸாக ஆகாமல் மேல் வரியின் பெறுநர் பட்டியலில் போய்ச் சேரும், கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது.

ஆண்டுக்கூட்டம் முடிந்த பிறகு அதிகமாகக் கேட்கிற புகார், "தம்பி, பேரை மாத்திட்டேன்னு சொன்னீங்க, ஆனா பழைய செயலாளருக்கேதானே போய்க்கிட்டு இருக்கு?" என்பது. இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். யாரோ புதிய வரியைக் கோப்பின் அடியில் சேர்த்திருப்பார்கள், பழைய வரி மேலே அப்படியே இருக்கும். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் தரவுத்தளம் கட்டும்போது போஸ்ட்ஃபிக்ஸ் இரட்டைப் பதிவு என்று எச்சரிக்கும், எச்சரித்துவிட்டு முதலில் வந்ததை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிவிடும். கடைசியில் எழுதியதுதான் நிற்கும் என்று நினைப்பது இயல்பு, இங்கே நேர்மாறு. அதனால் கட்டளை ஓடி முடிந்ததும் திரையில் என்ன வந்தது என்று கட்டாயம் படியுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால்தான் நல்லது.

நியூஅலியாசஸ் எந்தக் கோப்புகளைக் கட்டும் என்பதிலும் பலருக்குக் குழப்பம். போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் அலியாஸ்_மேப்ஸ், அலியாஸ்_டேட்டாபேஸ் என்று இரண்டு அமைப்பு இருக்கும், பார்க்க ஒன்றுபோல இருக்கும். கடிதம் வரும்போது எங்கெங்கே தேட வேண்டும் என்பதை முதலாவது சொல்கிறது, நியூஅலியாசஸ் ஓட்டும்போது எதையெதைக் கட்ட வேண்டும் என்பதை இரண்டாவது சொல்கிறது. கூட்டுறவுக்கென்று தனியாக ஒரு அலியாஸ் கோப்பு வைத்து அதை முதலாவதில் மட்டும் சேர்த்திருந்தால், நீங்கள் எத்தனை தடவை நியூஅலியாசஸ் அடித்தாலும் அந்தக் கோப்பு பழையபடியே இருக்கும். இரண்டிலும் சேருங்கள், இல்லாவிட்டால் போஸ்ட்அலியாஸ் கட்டளையைக் கோப்பின் பெயரோடு தனியாக ஓட்டுங்கள். உங்கள் சர்வரில் இப்போது என்ன அமைப்பு என்று பார்க்கப் போஸ்ட்கான்ஃப் கட்டளைக்கு என் (-n) ஆப்ஷன் கொடுத்தால் மாற்றிவைத்தவை மட்டும் வரிசையாக வரும்.

நாலு சங்கம், நாலு செயலாளர்

இதுதான் நம் மாதிரி ஊர்களில் நிஜமாகத் தகராறு வரும் இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கோயிலுக்கு ஒரு டொமைன், கூட்டுறவுக்கு ஒரு டொமைன், இரண்டையும் மைடெஸ்டினேஷன் பட்டியலில் (இந்தச் சர்வரே நேரடியாக வாங்கிக்கொள்ளும் டொமைன்களின் பட்டியல்) போட்டுவிட்டு அலியாசஸ் கோப்பில் செயலாளர் என்று ஒரு வரி எழுதினால் என்ன ஆகும்? அந்தக் கோப்புக்கு டொமைன் தெரியாது. கோயில் செயலாளருக்கு வருவதும் கூட்டுறவுச் செயலாளருக்கு வருவதும் ஒரே ஆளிடம் போகும். கூட்டுறவு உறுப்பினரின் கடன் விவரம் கோயில் அலுவலகத்தில் திறக்கப்பட்டால், ஒருவருக்கொருவர் முகம் பார்த்து வாழும் சின்ன ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை.

இதற்கு இருப்பது விர்ச்சுவல் அலியாஸ். போஸ்ட்ஃபிக்ஸ் அடைவில் விர்ச்சுவல் என்று ஒரு கோப்பு, அதில் முழு முகவரியாக எழுத வேண்டும்:

செயலாளர்@கோயில்-டொமைன் கோயில்-செயலாளர்
செயலாளர்@கூட்டுறவு-டொமைன் கூட்டுறவு-செயலாளர்

கவனியுங்கள், இங்கே முக்காற்புள்ளி கிடையாது, நடுவில் வெற்றிடம் மட்டும். பழக்கதோஷத்தில் முக்காற்புள்ளி போட்டுவிட்டால் அதுவும் முகவரியின் ஒரு பகுதியாகப் பதிவாகிவிடும், தேடும்போது கிடைக்காது, எழுதியவருக்கு அப்படி ஒரு பயனர் இல்லை என்று திரும்பிப் போகும். கட்டும்போது இது அலியாஸ் கோப்பா என்று போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டு ஒரு எச்சரிக்கை தரும், அதனால்தான் திரையைப் படிக்கச் சொன்னேன். இந்தக் கோப்பைக் கட்டுவதற்கு நியூஅலியாசஸ் உதவாது, போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும்.

மெயின்.சிஎஃப் கோப்பில் விர்ச்சுவல்_அலியாஸ்_டொமைன்ஸ் என்பதில் அந்த டொமைன்களையும், விர்ச்சுவல்_அலியாஸ்_மேப்ஸ் என்பதில் கோப்பின் வகையையும் பாதையையும் கொடுங்கள். ஒரு டொமைனை இங்கே சேர்த்தால் மைடெஸ்டினேஷனில் இருந்து எடுத்துவிடுங்கள், இரண்டிலும் இருக்கக் கூடாது, இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் லாக்கில் எச்சரித்துக்கொண்டே இருக்கும்.

வலது பக்கத்தில் டொமைன் இல்லாமல் கோயில்-செயலாளர் என்று எழுதினேன் அல்லவா, அதற்குச் சர்வர் தன் சொந்த டொமைனைச் சேர்த்துக்கொள்ளும், அந்தச் சொந்த டொமைன் மைடெஸ்டினேஷனில் இருந்தால் அலியாசஸ் கோப்பில் அந்தப் பெயரைத் தேடும். இப்படி இரண்டு படியாக வைப்பது எனக்குப் பிடித்த முறை. விர்ச்சுவல் கோப்பு வருடக்கணக்கில் மாறாது, கூட்டத்துக்குக் கூட்டம் மாறுவது அலியாசஸ் கோப்பில் ஒரு வரி மட்டும், தப்பு நடக்கக்கூடிய இடமும் அந்த ஒன்றுதான்.

ஒவ்வொரு டொமைனுக்கும் போஸ்ட்மாஸ்டர் முகவரி கட்டாயம் வேண்டும், மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறையே அதைக் கேட்கிறது. முறைகேடு புகாருக்கு அப்யூஸ் என்ற முகவரியும் வையுங்கள், 1997இல் வந்த ஆர்எஃப்சி 2142 என்ற இணைய விதி ஆவணம் இப்படிப்பட்ட பொதுப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. விர்ச்சுவல் டொமைன்களுக்கு இவற்றைத் தனித்தனியாக நீங்கள்தான் எழுத வேண்டும். ரூட்டுக்கு வருவதையும் உயிரோடு ஒரு மனிதருக்குத் திருப்பிவிடுங்கள், டிஸ்க் நிரம்புகிறது போன்ற தகவல் எல்லாம் அங்கேதான் வரும்.

எந்தப் பெயரில் வந்தாலும் வாங்கிக்கொள் என்று @டொமைன் என்ற ஒரு வரி எழுத முடியும். எழுதாதீர்கள். நிர்வாகத்தினர் ஆசையாகக் கேட்பார்கள், ஒரு கடிதமும் தவறக் கூடாது என்பார்கள், ஆனால் எந்தெந்தப் பெயரையோ போட்டு அனுப்பப்படும் குப்பை மொத்தமும் உள்ளே வந்து, தைப்பூசத்துக்கு முன்னால் வரும் உண்மையான நன்கொடைக் கடிதம் அதில் புதைந்துவிடும்.

குழுவுக்குப் போகும் கடிதங்கள்

செயற்குழு மாதிரி பட்டியல்களுக்கு வலது பக்கத்தில் இன்க்ளூட் முறையைப் பயன்படுத்தலாம். முக்காற்புள்ளி, இன்க்ளூட் என்ற சொல், மறுபடி முக்காற்புள்ளி, அப்புறம் ஒரு கோப்பின் பாதை. அந்தக் கோப்பில் வரிக்கு ஒரு முகவரி. இதில் இருக்கும் வசதி, கடிதம் வரும் நேரத்தில்தான் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கும், ஆகவே பெயர் சேர்த்தாலும் எடுத்தாலும் தரவுத்தளத்தை மறுபடி கட்ட வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கணினி தெரிந்த ஒரு ஆசிரியருக்கு அந்த ஒரு கோப்பை மட்டும் திருத்தும் உரிமை கொடுத்துவிட்டால், பட்டியலைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) உங்களுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் காத்திருக்கும் நிலை இருக்காது. இது அலியாசஸ் கோப்பில்தான் வேலை செய்யும், விர்ச்சுவலில் செய்யாது.

பட்டியலோடு அதற்கு ஓனர் அலியாஸும் வையுங்கள்: ஓனர் என்ற சொல், ஒரு சிறு கோடு, பட்டியலின் பெயர். அப்படி ஒன்று இருந்தால், யாருடைய பெட்டியாவது நிரம்பித் திரும்பி வரும் கடிதங்கள் அந்தப் பொறுப்பாளரிடம் போகும். இல்லாவிட்டால் கூட்ட அறிவிப்பு அனுப்பிய தலைவரின் பெட்டியில்தான் எல்லாம் வந்து விழும், அவர் பயந்துபோய் உங்களைக் கூப்பிடுவார்.

வலது பக்கத்தில் | போட்டு ஒரு நிரலையும் ஓட்டலாம். வசதிதான், ஆனால் சென்ட்மெயில் என்ற பழைய மெயில் சர்வரின் காலத்தில் டீகோட் என்ற அலியாஸ் இப்படித்தான் வெளியிலிருந்து வந்த கடிதத்தை நேராக ஒரு நிரலுக்குள் தள்ளிப் பெயர்பெற்ற பாதுகாப்பு ஓட்டையாக இருந்தது. நிஜமான தேவை இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

ஜிமெயிலுக்குத் திருப்புவது

நம் நிர்வாகத்தினரில் பலரும் ஜிமெயிலில் இருப்பவர்கள், அதனால் செயலாளர் என்ற அலியாஸை அவருடைய ஜிமெயிலுக்கே திருப்பிவிடத் தோன்றும். தொழில்நுட்பமாக ஒரு சிக்கல் உண்டு. அனுப்புநரின் டொமைன் தன் எஸ்பிஎஃப் பதிவில் எந்தச் சர்வர் தன் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லியிருக்கும், அதில் உங்கள் சர்வர் இருக்காது, நீங்கள் திருப்பிவிடும்போது அந்தச் சோதனை தோற்கும். 2024 பிப்ரவரியிலிருந்து தன் பயனர்களுக்கு எழுதும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (அனுப்பும் டொமைன் கடிதத்தில் போடும் மின் கையொப்பம்) இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஜிமெயில் கேட்கிறது. அனுப்புநர் டிகேஐஎம் கையொப்பம் போட்டிருந்து நீங்கள் கடிதத்தில் கை வைக்காமல் இருந்தால் தப்பிக்கும், கையொப்பம் இல்லாத சின்ன அலுவலகக் கடிதங்கள் மாட்டிக்கொள்ளும். போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற துணை நிரல் உறையில் இருக்கும் அனுப்புநர் முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதும், அதைப் போட்டால் பெருமளவு சரியாகும்.

ஆனால் என் கருத்து வேறு. செயலாளர், பொருளாளர் இருவருக்கும் திருப்புதல் வேண்டாம், சர்வரிலேயே பதவியின் பெயரில் ஒரு உண்மையான பெட்டி கொடுங்கள், பெட்டியை வெளியிலிருந்து திறக்க உதவும் டவ்காட் நிரலைப் போட்டால் கைப்பேசியிலேயே படித்துக்கொள்வார். பதவி மாறும்போது கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தால் போதும், மூன்று வருடக் கடிதப் போக்குவரத்து அப்படியே அடுத்தவர் கைக்கு வந்துவிடும். சொந்த ஜிமெயிலுக்குப் போனவை அவரோடு போய்விடும், சண்டையில் பதவி விலகியவரிடம் போய்ப் பழைய கடிதத்தைத் தாருங்கள் என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று சங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். செயற்குழுவின் மற்றவர்களுக்குத் திருப்புதலே போதும்.

கட்டும்போது பாதுகாப்பு

போஸ்ட்மேப்பும் போஸ்ட்அலியாஸும் இருக்கிற தரவுத்தளத்தின் மேலேயே எழுதும். நடுவில் டிஸ்க் நிரம்பினாலோ, பேராக்கில் சாயங்கால இடியில் கரண்ட் போனாலோ, பயன்படுத்த முடியாத அரைகுறைக் கோப்புதான் மிஞ்சும், கடிதம் வாங்குவது நின்றுவிடும். தற்காலிகக் கோளாறு என்று சொல்லித்தான் சர்வர் மறுக்கும், அனுப்பும் சர்வர்கள் மறுபடி முயலும், ஆகவே கவனித்துச் சரிசெய்துவிட்டால் கடிதம் தொலையாது. இருந்தாலும் இதைத் தவிர்ப்பது எளிது. இன் என்ற பின்னொட்டோடு ஒரு மூலக் கோப்பு வைத்துக்கொண்டு திருத்தமெல்லாம் அதில் செய்யுங்கள், அதிலிருந்து தரவுத்தளத்தைக் கட்டுங்கள், பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் எம்வி கட்டளையால் உண்மையான பெயருக்கு நகர்த்துங்கள். இந்தக் கட்டளைகளை இரண்டு வரியில் ஒரு மேக்ஃபைலாக எழுதிவிட்டால் அதற்குப் பிறகு மேக் என்று அடித்தால் போதும். சிடிபி என்ற வேறு வகைத் தரவுத்தளத்தில் இந்தத் தொல்லை இல்லை, அது தனிக் கோப்பில் கட்டித்தான் இடம் மாற்றும்.

தரவுத்தள வகை பற்றி ஒரு வார்த்தை. ஹாஷ் வகைக்குப் பின்னால் இருப்பது பெர்க்லி டிபி என்ற தரவுத்தள மென்பொருள். 2013இல் ஆரக்கிள் அதன் உரிமத்தை மாற்றியதிலிருந்து லினக்ஸ் விநியோகங்கள் மெல்ல அதைக் கைவிட்டுவருகின்றன, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10இல் அது இல்லை, அதற்குப் பதில் எல்எம்டிபி என்ற வகைதான். போஸ்ட்கான்ஃபுக்கு எம் ஆப்ஷன் கொடுத்தால் உங்கள் சர்வர் எந்தெந்த வகையை ஏற்கும் என்று வரும். மாறுவது பெரிய வேலை இல்லை: மெயின்.சிஎஃப் கோப்பில் ஹாஷ் என்று இருக்கும் இடங்களை எல்எம்டிபி என்று மாற்றி, எழுத்துக் கோப்புகளிலிருந்து மறுபடி கட்டிவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்யுங்கள். எழுத்துக் கோப்பு தொலைந்து தரவுத்தளம் மட்டும் மிஞ்சியிருக்கும் சர்வர் உங்கள் கைக்கு வந்தால், பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே போஸ்ட்மேப்புக்கோ போஸ்ட்அலியாஸுக்கோ எஸ் ஆப்ஷன் கொடுத்து உள்ளே இருப்பதையெல்லாம் எழுத்தாக வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். மாறிய பிறகு அது முடியாது.

சோதிப்பது

கோப்பைத் திறந்து படித்துச் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள், தரவுத்தளத்தையே கேளுங்கள். போஸ்ட்அலியாஸுக்குக் கியூ ஆப்ஷன், அப்புறம் பெயர், அப்புறம் வகையும் பாதையும். யாருக்குப் போகும் என்று ஒரு வரியில் பதில் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது. விர்ச்சுவலுக்குப் போஸ்ட்மேப்பை அதேபோலக் கேட்கலாம். இது ஒரு படியை மட்டும்தான் காட்டும். இரண்டு படியும் சேர்ந்து கடைசியில் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் சென்ட்மெயில் கட்டளைக்கு பிவி ஆப்ஷன் கொடுத்து முழு முகவரியை அடியுங்கள், உண்மையில் எதையும் பட்டுவாடா செய்யாமல் அறிக்கையை உங்கள் பெட்டிக்கு அனுப்பிவைக்கும். நிஜக் கடிதம் ஓடத் தொடங்கியதும் லாக்கில் டு என்ற இடத்தில் கடைசி முகவரியும் ஒரிக்_டு என்ற இடத்தில் எழுதியவர் போட்ட முகவரியும் சேர்ந்தே இருக்கும், எனக்கு வரவில்லை என்று யாராவது சொன்னால் அந்த வரியைத் தேடிக் காட்டுங்கள்.

பழைய ஆளின் சொந்தப் பெயரில் ஏதாவது அலியாஸ் இருந்தால் அதைச் சட்டென்று அழிக்க வேண்டாம், முதலில் கொஞ்ச காலம் பதவிப் பெட்டிக்குத் திருப்பிவையுங்கள். வரத்து குறைந்ததும் அலியாஸ் வரியை எடுத்துவிட்டு, ரீலொக்கேட்டட் என்ற அட்டவணையில் அந்த முகவரியையும் புதிய முகவரியையும் எழுதி, போஸ்ட்மேப்பால் கட்டி, மெயின்.சிஎஃப் கோப்பில் ரீலொக்கேட்டட்_மேப்ஸ் என்று குறிப்பிடுங்கள். எழுதியவருக்குக் கடிதம் திரும்பிப் போகும்போது இவர் இன்ன முகவரிக்கு மாறிவிட்டார் என்ற தகவலும் சேர்ந்து போகும்.